போனைப் பிடுங்கினால் ஆய்வேடு வந்துவிடுமா?

கேள்வி: பாபநாசம் வாசகர் | 14 ஜூன் 2025

என் தம்பி எம்.எஸ்சி.யில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பிஎச்.டி. சேர்ந்து நான்காவது வருடம் ஓடுகிறது. விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி வரை போன்தான். ரீல்ஸ், பழைய கிரிக்கெட் மேட்ச், யாரோ இரண்டு பேர் சண்டை போடும் வீடியோ. கேட்டால் எரிந்து விழுகிறான். போனைப் பிடுங்கி வாய்க்காலில் வீசுவேன் என்கிறார் அப்பா. இது சோம்பேறித்தனமும் கொழுப்பும் என்பது என் கட்சி. இவ்வளவு படித்தவனுக்கு அடிமைத்தனம் எங்கிருந்து வரும்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

14 ஜூன் 2025, இரவு 10.20

மாற்றுக் கருத்து இருக்கிறது அண்ணே.

சோம்பேறி எல்லா வேலைக்கும் சோம்பேறியாகத்தான் இருப்பான். உங்கள் தம்பியை வரப்பு வெட்டக் கூப்பிட்டால் வருகிறானா? வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறினானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சோம்பேறித்தனத்தைத் தள்ளி வைத்துவிடலாம். அவன் ஒரே ஒரு வேலையைக் கண்டு ஓடுகிறான். அந்த வேலையிடம் அவனுக்கு என்ன பயம் என்று பாருங்கள். ஓடி ஒளியக் கைக்கு எட்டுகிற இடம் போன், அவ்வளவுதான்.

நான் பொருளியலில் பிஎச்.டி. முடித்தவள். டெல்டாவின் குத்தகை விவசாயிகளைப் பற்றிய ஆய்வு. இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பொழுது முழுக்க முதுகலை மாணவர்களோடும் பிஎச்.டி. ஸ்காலர்களோடும்தான். அதனால் இந்த விவாத இழையைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

15 ஜூன் 2025, காலை 6.45

என் களப்பணிக் காலத்தைச் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயம் புரியத் தொடங்கியது அங்கேதான்.

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் குத்தகைதாரர்களிடம் கேள்வித்தாள் நிரப்பினேன். காலையில் முதல் பஸ். களத்துமேட்டில் உட்கார்ந்து, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல், கோயில் நிலமா தனியார் நிலமா, குத்தகை பாக்கி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பேசிக்கொண்டிருக்கிற பெரியவர் பாதியில் எழுந்துபோய் மாட்டை நிழலில் மாற்றிக் கட்டிவிட்டு வருவார். காத்திருக்கும் அந்த நேரத்தில்கூடப் போனை எடுக்கத் தோன்றாது. அது பையின் அடியில், குடைக்குக் கீழே கிடக்கும். சாயங்காலம் நிரப்பிய தாள்களை அடுக்கி ரப்பர் பேண்டு போடும்போது, இன்றைக்கு வேலை நடந்தது என்று கைக்கே தெரியும்.

தரவெல்லாம் சேர்ந்தபின் எழுத விடுதி அறைக்கு வந்தேன். அதே போன், அதே டேட்டா பேக். மூன்றாம் அத்தியாயத்தின் கோப்பைத் திறப்பேன். மேலே தலைப்பு, கீழே ஒரு பத்தி, பத்தி நின்ற இடத்தில் துடித்துக்கொண்டு கர்சர். அடுத்த வாக்கியத்தை எழுதினால் 'இதற்கு ஆதாரம் எங்கே' என்று ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு கேட்பார். எழுதாவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் வரும். கை எப்போது போனுக்குப் போனது என்றே தெரியாது. யாரோ மீன் வறுக்கிற வீடியோ பாதி ஓடிய பிறகுதான் சுயநினைவு வரும். அந்த வீடியோவில் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஆனால் அது ஓடும் வரை நெஞ்சில் அந்த இறுக்கம் இருக்காது.

எனக்கு இணைய அடிமைத்தனம் இருந்தது என்றால், அது வலங்கைமானில் எங்கே போயிருந்தது?

ஃபூசியா சிரோய், திமதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரை இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. வேலையைத் தள்ளிப்போடுவது நேர நிர்வாகக் கோளாறு அல்ல. அந்த வேலை கிளப்பும் மோசமான உணர்விலிருந்து அந்த நிமிஷத்துக்குத் தப்பிக்கும் முயற்சி என்பது அவர்கள் வாதம். தப்பித்த நிமிஷம் மனசு லேசாகிறது. அந்த லேசுக்குத்தான் கை பழகிக்கொள்கிறது. தள்ளிப்போட்ட குற்ற உணர்வு மறுநாள் சேர்ந்துகொள்ளும். அதனால் அடுத்த தடவை கோப்பைத் திறப்பது இன்னும் கடினம்.

15 ஜூன் 2025, மாலை 7.10

'இணைய அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனமே அறிவித்த நோய்' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி அறிவிக்கவில்லை. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இருப்பது கேமிங் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, 2013-ல் இணைய விளையாட்டுக் கோளாறை 'மேலும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில்தான் வைத்தது. ரீல்ஸ் பார்ப்பது, செய்தி மேய்வது, வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்த பொதுவான இணையப் பழக்கம் இரண்டிலும் தனி நோயாக இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1995-ல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், மருத்துவக் கையேடுகள் எதையெடுத்தாலும் நோயாக்குவதைக் கேலி செய்ய 'இணைய அடிமைக் கோளாறு' என்று ஒரு அறிகுறிப் பட்டியல் எழுதிப் போட்டார். படித்த சிலர் தங்களுக்கு அது இருப்பதாக நிஜமாகவே அவருக்கு எழுதினார்கள். கிம்பர்லி யங் 1996-ல் அதை முறையான ஆய்வாக முன்வைத்தார். சூதாட்ட அடிமைத்தனத்துக்கான அளவுகோலை இணையத்துக்குப் பொருத்தி எட்டுக் கேள்விகள் அமைத்தார். இன்று பிஎச்.டி. ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இருபது கேள்விச் சோதனையும் அவருடையதுதான்.

நோய்ப் பட்டியலில் இல்லை என்பதால் துன்பம் இல்லை என்று அர்த்தமில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

18 ஜூன் 2025

கும்பகோணம் நண்பர் அந்த இருபது கேள்விச் சோதனையைத் தனக்குத்தானே செய்து பார்த்து, மதிப்பெண் அதிகம் வந்துவிட்டது என்று பயந்துபோய் எழுதியிருக்கிறார். பயப்படாதீர்கள். அதில் ஒரு கேள்வி, செய்ய வேண்டிய வேறு வேலைக்கு முன் மின்னஞ்சல் பார்ப்பீர்களா என்பது. 1990-களின் கேள்வி அது. இன்றைக்கு ஸ்காலரின் வேலையே மின்னஞ்சலில்தான் இருக்கிறது. இதழிலிருந்து பதில், கருத்தரங்க அழைப்பு, கல்லூரி அலுவலகச் சுற்றறிக்கை எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் பழைய ஆய்வேடு தேட வேண்டுமென்றாலும் நெட் வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, சாப்பாடு, தூக்கம், பிடித்த மனிதர்கள் எல்லாம் பின்னுக்குப் போகிறார்களா, கெடுதல் தெரிந்த பிறகும் தொடர்கிறதா, இது மாசக்கணக்கில் நீடிக்கிறதா என்றுதான் பார்ப்பேன். கேமிங் கோளாறுக்கு ஐசிடி-11 கேட்பதும் ஏறக்குறைய இதையே. அங்கே வழக்கமாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆறு மணி நேரம் நெட்டில் இருந்து அத்தியாயமும் எழுதுகிறவர் இருக்கிறார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மீதி நாள் முழுக்க அந்த ஒரு மணியை நினைத்து வெந்துபோகிறவரும் இருக்கிறார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை.

22 ஜூன் 2025, ஞாயிறு

'வகுப்பில் முதலாவதாக வந்தவனுக்கா இப்படி' என்று பாபநாசம் அண்ணன் கேட்டதற்குள் ஒரு விடை இருக்கிறது. முதலாவதாக வந்ததே ஒரு காரணம்.

பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள். சாதித்த பெண்கள் பலர், தாங்கள் உண்மையில் திறமைசாலிகள் இல்லை, எப்படியோ ஏமாற்றி மேலே வந்துவிட்டோம், ஒருநாள் குட்டு வெளிப்படும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்று பின்னால் தெரிந்தது. நம் பக்கத்து எம்.ஏ., எம்.எஸ்சி. மாணவர்களிடம் இதை அப்படியே பார்க்கிறேன். தேர்வு என்றால் கேள்வித்தாள் மூன்று மணி நேரத்தில் முடியும், மதிப்பெண் வரும், ஊரே பாராட்டும். ஆய்வில் கேள்வியையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. பாராட்டும் கிடையாது. இதுவரை மதிப்பெண்ணிலேயே தன்னை அளந்து பார்த்த பிள்ளைக்குத் தான் யாரென்றே தெரியாமல் போகிறது.

அதோடு நம் வீடுகள். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டவர், அம்மா நடவுக்குப் போனவர், பட்டப்படிப்பைத் தாண்டியதே வீட்டில் இவன் ஒருவன்தான். ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பிக்கும். 'என்ன தம்பி, இன்னும் படிக்கிறியா?' 'முடிச்சா எவ்வளவு வரும்?' கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவனுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவன் கையில் சொல்லிக்கொள்ள ஒரு எண்ணும் இல்லை. அவனோடு பள்ளியில் படித்து டிப்ளமோ முடித்தவன் திருப்பூரிலோ துபாயிலோ சம்பாதித்து வீடு கட்டுகிறான். இவன் பொங்கலுக்கு வந்தாலும் மாடியில் போய்ப் படுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். மாடியில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. போனும் கேட்பதில்லை.

ரிச்சர்ட் டேவிஸ் 2001-ல் சொன்ன விளக்கம் இந்த இடத்தில் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே ஒரு விஷயத்துக்காக, சூதாட்டம் போல, நெட்டில் கிடப்பவர் ஒரு வகை. குறிப்பாக எதற்கும் இல்லாமல் சும்மா அங்கேயே கிடப்பவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் தனிமையும், ஆதரவு சொல்ல ஆள் இல்லாததும், 'நேரில் நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்ற எண்ணமும் பெரிய பங்கு வகிக்கின்றன என்றார். ஸ்காட் கேப்லன் அதன்மேல் ஒன்றைச் சேர்த்தார். தனிமையில் இருப்பவருக்குத் தன் பேச்சுத் திறமை மேல் நம்பிக்கை குறைவு. அதனால் நேரில் பேசுவதைவிட நெட்டில் பேசுவது பத்திரமாகத் தோன்றும். அந்த விருப்பம்தான் பிறகு கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. விடுதியில் பக்கத்து அறைக்காரனிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல், முகம் தெரியாத குழுவில் விடிய விடிய விவாதம் செய்கிற பையன்களை எனக்குத் தெரியும்.

23 ஜூன் 2025

திருத்துறைப்பூண்டி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் யோசித்தேன். பகலில் வேலை, மாலையில் குழந்தைக்கு வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை, எல்லாம் முடிந்து பதினொன்றரை மணிக்குத்தான் தனக்கென்று நேரம் வருகிறது. அப்போது ஆய்வேட்டைத் திறக்க மனசு வராமல் போனைத் திறக்கிறார். தூங்கப் போகவும் மனசு வருவதில்லை. தூங்கினால் நாளைக்குத் திரும்பவும் அதே ஓட்டம்.

அக்கா, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014-ல் படுக்கையைத் தள்ளிப்போடுவதைப் பற்றி எழுதியது. வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாமலே தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறனோடு தொடர்புள்ளது என்றது. அது சரிதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது பாதிதான். பகலில் உங்களுக்கென்று அரை மணி நேரம் இருந்தால் ராத்திரியில் இப்படித் திருடிக்கொள்ள வேண்டிய அவசியமே வராது. பெண் ஸ்காலர்களின் போன் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவர்களுடைய பகலைப் பார்க்க வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

29 ஜூன் 2025

'நெட்டே இல்லாமல் செய்தால் தானாக எழுதுவார்கள்' என்று திரும்பத் திரும்ப ஒருவர் சொல்லிவருகிறார். டெல்டாவில் இருக்கிற நமக்கு இதற்குப் பதில் தெரியும். கஜா புயல் அந்தச் சோதனையைச் செய்து காட்டிவிட்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக முறிந்தன. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. டவர் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள், அதுவும் டார்ச் அடிக்கவும் சொந்தக்காரர்களைத் தேடவும். எனக்குத் தெரிந்த ஸ்காலர்கள் சிலர் அப்போது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார்கள். போன் செத்துக் கிடந்தது. ஆய்வேடு நகர்ந்ததா? இல்லை. விழுந்த மரத்தை அறுத்தார்கள், நிவாரணப் பொருள் இறக்கினார்கள், முகாமில் கணக்கு எழுதினார்கள். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோருமே சொன்னார்கள். அந்த வாரங்களில் போனை எடுக்க வேண்டும் என்ற அரிப்பு இல்லை. அழிவின் நடுவே இருந்தும் அந்த அரிப்பு இல்லை. அவர்களுக்கு அப்போது செய்ய வேலை இருந்தது, அந்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது, கூட மனிதர்கள் இருந்தார்கள், அவர்களைத் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். மின்சாரம் வந்து விடுதிக்குத் திரும்பிய பிறகு பழைய கதைதான்.

டேனியல் கார்டஃபெல்ட் விந்தர் 2014-ல் முன்வைத்த ஈடுசெய்யும் பயன்பாடு என்ற கருத்தை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான். மனிதர்கள் நெட்டுக்குள் போவது பல நேரம் வாழ்க்கையில் இல்லாத ஒன்றை ஈடுகட்டவே என்கிறார் அவர். ஆகவே நெட்டை மட்டும் பார்த்தால் போதாது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். இல்லாததை அப்படியே விட்டுவிட்டுப் போனை மட்டும் பிடுங்குவது, காயத்தைப் பார்க்காமல் கட்டுத்துணியை மட்டும் உருவுவது போன்றது.

3 ஜூலை 2025

இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததிலேயே முக்கியமானது இது.

அத்தியாயத்தை எழுதிக் கைடுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். முதலில் இரண்டு சாம்பல் டிக். அப்புறம் நீல டிக். பார்த்துவிட்டார். பதில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். 'கடைசியாகப் பார்த்தது' மாறியிருக்கிறது, பதில் இல்லை. மறுநாள் காலையில் அவர் துறைக் குழுவில் குட்மார்னிங் போட்டிருக்கிறார். நமக்குப் பதில் இல்லை. ஒரு வாரம், சில நேரம் ஒரு மாதம். திடீரென்று ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு 'நன்று, தொடரவும்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு மனசு குதிக்கிற குதி இருக்கிறதே! அடுத்த அத்தியாயத்துக்கு ஒன்றுமே வராது. அதற்கடுத்ததற்குச் சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் திட்டு வரும்.

பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது என்ன? ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி வந்தால், தீனி நின்றதும் புறா சீக்கிரம் விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்தால், அது விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரம் ஓடுவது இந்தக் கணக்கில்தான். ரீல்ஸ் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். நான் சொல்வது, கைடின் பதிலும் அதே கணக்கில்தான் வருகிறது என்று. எப்போது வரும், நல்லதா கெட்டதா, ஒன்றும் தெரியாது. அந்தப் பதில் வருகிற கருவியும் ரீல்ஸ் இருக்கிற கருவியும் ஒன்றே. பதில் வந்ததா என்று பார்க்கப் போனை எடுக்கிறோம். வரவில்லை என்ற ஏமாற்றம். அதை ஆற்ற அதே போனில் ஒரு விரல் தள்ளினால் ரீல்ஸ். புண்படுத்துவதும் தடவிக்கொடுப்பதும் ஒரே திரையில் இருக்கும்போது ஒரு பிள்ளை அதை எப்படிக் கீழே வைக்கும்?

கைடுகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒருவர் கையில் ஏழெட்டு ஸ்காலர், கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருகை, தேர்வுப் பணி, வீட்டில் ஒரு நோயாளி என்று எத்தனையோ இருக்கும். ஆனால் 'இந்த வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்' என்று ஒரு வரி போட்டால் அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை வரை நிம்மதியாகத் தூங்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

4 ஜூலை 2025

'டோபமைன் உண்ணாவிரதம்' இருக்கச் சொல்லி ஒருவர் வீடியோ இணைப்பு போட்டிருக்கிறார். டோபமைன் மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள். அதை விரதத்தால் வற்ற வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அது இல்லாவிட்டால் கைகாலே ஒழுங்காக அசையாது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் 1990-களில் குரங்குகளிடம் பார்த்தது, எதிர்பாராமல் பரிசு கிடைக்கும்போது டோபமைன் நரம்பணுக்கள் அதிகம் துடிக்கின்றன, எதிர்பார்த்த பரிசு வராதபோது அடங்குகின்றன என்பதுதான். நேற்று எழுதிய நீல டிக் கதைக்கு இது பொருந்துகிறது. ஒரு நாள் போனை அணைத்து வைத்து ஓய்வெடுப்பது நல்லதுதான், அதற்கு இந்தப் பெயர் தேவையில்லை.

9 ஜூலை 2025

நான் எழுதியதையெல்லாம் சேர்த்துப் படித்தால், கைடு பதில் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வரலாம். அப்படி இல்லை.

சிலருக்கு மனச்சோர்வு முதலில் வருகிறது, போன் பின்னால் வருகிறது. சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே கவனக் குறைபாடு இருந்திருக்கும். பள்ளியில் வாத்தியாரும் தேர்வும் பிடித்து நிறுத்தியதால் தெரியாமல் இருந்து, பிஎச்.டி.யில் பிடித்து நிறுத்த ஆளில்லாதபோது வெளியே வரும். மத்தியாஸ் பிராண்டும் கூட்டாளிகளும் 2016-ல் கொடுத்த விளக்கம், ஆளின் இயல்பு, உணர்ச்சி, எண்ணம், கட்டுப்பாடு நான்கும் ஒன்றையொன்று தூண்டிச் சுழல்வதாகச் சொல்கிறது. ஆரம்பத்தில் சுகத்துக்காக, போகப் போகத் துயரத்தை அடக்க என்று காரணம் மாறும் என்றும் சொல்கிறது. எது முதல் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களிடம், கேட்டது. 41 சதவீதத்தினருக்கு நடுத்தரம் முதல் கடுமையான பதற்றம், 39 சதவீதத்தினருக்கு அதே அளவில் மனச்சோர்வு. பொதுமக்களிடம் 6 சதவீதம் என்று ஒப்பிட்டது. தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. கஷ்டப்படுகிறவர்தான் இதற்கு அதிகம் பதில் சொல்வார். ஆகவே ஐந்தில் இரண்டு ஸ்காலர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் இப்படி என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைக் காட்டலாம்.

13 ஜூலை 2025

ஆன்லைன் ரம்மி பற்றிக் கேட்ட மயிலாடுதுறை நண்பருக்கு: அது தனிக் கதை, இங்கே கலக்க வேண்டாம். பணம் போகிறது, கடன் வருகிறது, ஆபத்து வேறு வகை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை என்ற தமிழக அரசின் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதி செய்தது. கடன் தெரிந்தால் திட்டாமல், தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

20 ஜூலை 2025

'காரணமெல்லாம் சரி, என்னதான் செய்வது' என்று கேட்டிருக்கிறீர்கள். என் மாணவர்களிடம் பலித்ததைச் சொல்கிறேன்.

களப்பணியில் இருந்தது எழுத்திலும் இருக்க வேண்டும். அதாவது முடிகிற வேலை, எதிரே ஒரு ஆள். நாங்கள் சிலர் சனிக்கிழமை காலை நூலகத்தில் ஒரு மேஜையைப் பிடித்து உட்காருகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், அது மோசமாக இருக்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் இருப்பவர் அதைப் படித்து ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். போன் பையில் இருக்கும், யாரும் வாங்கி வைப்பதில்லை. விலங்கியல் படிக்கிற பெண் வரலாற்று மாணவனின் பக்கத்தைப் படித்து 'இந்த வாக்கியம் எனக்குப் புரியவில்லை' என்கிறாள். அவனுக்கு அது போதும். படிக்க ஒரு ஆள் இருக்கிறது! அப்புறம் ஆனந்தமாக டீக்கடைக்குப் போகிறார்கள். பல மாதம் ஒரு வரி எழுதாமல் இருந்த ஒருவன் அந்த மேஜையில்தான் முன்னுரையை முடித்தான்.

ராத்திரிக்கு ஒரு வழி: போனைப் படுக்கையில் வைக்காமல் எழுந்து போகிற தூரத்தில் சார்ஜ் போடுவது. நல்லதுதான், கொஞ்சம் உதவுகிறது. ஆனால் அது சில்லறை. சனிக்கிழமை மேஜைதான் பெரிது.

27 ஜூலை 2025

பாபநாசம் அண்ணன் தம்பியோடு பேசியதை எழுதியிருக்கிறார். கைடைப் பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டது, எழுதிய அத்தியாயத்தைக் காட்டப் பயம், இனிமேல் பார்த்தால் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பாரே என்று பயம் என்றானாம். சொல்லும்போது அழுதானாம். நீங்கள் திட்டாமல் கேட்டீர்களே அண்ணே, அதுவே பெரிய காரியம்.

அடுத்தது இப்படிச் செய்யலாம். கைடைப் பார்க்கப் போகும்போது முழு அத்தியாயம் வேண்டாம். இரண்டு பக்கமும், 'இதில் எனக்கு இந்த இடம் தெரியவில்லை' என்று ஒரு கேள்வியும் போதும். மன்னிப்புப் பேச்சு வேண்டாம், நேராக வேலைக்குப் போகட்டும். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்றால் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியில் இருக்கும் இன்னொரு பேராசிரியரை முதலில் பார்க்கலாம், அவர்கள் இருப்பதே அதற்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். அதன்பிறகும் மறுபதிவுக்கு இடம் உண்டு. நான்காவது வருடத்தில் இருப்பவனுக்கு நேரம் இருக்கிறது. அதை அப்பாவிடமும் சொல்லுங்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமே இல்லை, செத்துப்போகலாம் என்பது போன்ற பேச்சு வருகிறது என்றால் இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. ஆனால் முதல் படிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சனிக்கிழமை மேஜைக்கு உங்கள் தம்பியும் வரலாம். பாடம் எதுவானாலும் பரவாயில்லை. பத்து மணிக்கு ஆரம்பிக்கிறோம்.